இடுப்பளவுத் தண்ணீர்

நான் கடல் பார்க்க அந்தச் சுற்றுலாக் கோச்சில் ஏறவில்லை. ஒருவனைச் சந்தி சிரிக்க வைக்க ஏறினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாந்துபோக வேண்டாம்.

அந்த ஒருவன் என் தங்கையின் கணவன். வில்லியனூருக்குப் பக்கத்து ஊர்க்காரன். சுற்றுலாக் கோச்சுகளில் கைடு. மைக் கையில் கிடைத்தால் தேன் ஒழுகப் பேசுவான். பெண் பார்க்க வந்த அன்றும் எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசினான். அப்பா அம்மா இல்லாத பெண், அக்கா வீட்டில் வளர்ந்தவள், கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்றான். கண்ணுக்குள்தான் வைத்திருந்தான், விழுந்த தூசியைப் போல. கசக்கிக் கசக்கிக் கடைசியில் வெளியே தள்ளிவிட்டான்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. அந்த வீட்டில் நாத்தனாருக்கு வளைகாப்பு நடந்தபோது என் தங்கை சமையல்கட்டில் ஏழு வகைச் சாதமும் கிளறினாள். வளையல் அடுக்கும் நேரத்தில் மட்டும் அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்கு எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, தெரிந்தவரைக்கும் ஒரு குறையும் இல்லை, அடுத்த முறை வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்த அடுத்த முறை வரவே இல்லை. "எனக்கு இன்னா கொறச்சல்? நான் எதுக்கு வரணும்?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

போன பொங்கலுக்கு அவளைப் பாகூரில் என் வீட்டில் கொண்டுவந்து விட்டான். மாட்டுப் பொங்கல் முடிந்தது, மாசி முடிந்தது, சித்திரையும் வந்தது. கூட்டிப்போக வரவில்லை. பிறகு ஊர்ப் பெரியவர்கள் மூலம் சொல்லி அனுப்பினான். குழந்தையும் இல்லை, மனசும் ஒட்டவில்லை, இரண்டு பேரும் சம்மதமாகப் பிரிந்துவிடலாமாம்.

பெரியவர்கள் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள். வேறு பெண் யாராவது இருக்கிறாளா என்று நேராகவே கேட்டார்கள். அவன் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, கோயிலைப் பார்த்து, "அந்த மாதிரி எதுவும் கெடையாது, சாமி சத்தியம்" என்று சொல்லி அணைத்தான். நான் ஒரு துளி நம்பவில்லை. என் தங்கை நம்பினாள். "அவரு பொய் சத்தியம் பண்ண மாட்டாருக்கா" என்றாள். எந்த ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து என்று நாளும் குறித்தார்கள். வக்கீல் எழுதிக் கொடுத்த தாளில் 'குழந்தை இல்லாத காரணத்தால்' என்று தெளிவாக இருந்தது. என் தங்கை அதற்குக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாள். தன்னால்தான் எல்லாம் என்று நினைத்தாள்.

அவளை நிமிர வைக்க என்னிடம் இருந்தது ஒரே ஒரு பேச்சு. அதைக் காலையும் மாலையும் மாத்திரை கொடுப்பதுபோலக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "கொற அவங்கிட்டதான்டி. அதனாலதான் டாக்டருகிட்ட வரப் பயந்தான். நீ எதுக்குடி தல குனியற?" என்பேன். கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடும். அன்றைக்கு இரண்டு இட்லி கூடச் சாப்பிடுவாள்.

பாகூரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது சோரியாங்குப்பத்து மகளிர் குழுத் தலைவி ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தார். வாய் ஓயாத மனுஷி. குழுப் பெண்களுக்குக் கொடுக்க காப்பி வேண்டுமாம். கடலோர இன்பச் சுற்றுலா, காலை போய் மாலை திரும்பலாம், ஏசி கோச், அனுபவமுள்ள கைடு. கீழே போட்டோ. கழுத்தில் விசிலோடு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான் எங்கள் வீட்டு மாப்பிள்ளை.

"இந்தத் தம்பி மொதல்ல எறங்கி நிப்பாராம். அவரைத் தாண்டி யாரும் போவக்கூடாதாம். அதான் எங்க பொண்ணுங்கல்லாம் இந்த பஸ்ஸுதான் வேணும்ங்குது. கடல்ல முழுகி எத்தினி வருஷமாவுது தெரியுமா?" என்றார் தலைவி.

அது அவனுடைய தொழில் பழக்கம். அதைச் சொல்லித்தான் ஆள் பிடிப்பான். கடைசி நிறுத்தத்தில் எல்லோருக்கும் முன்னால் கடலில் இறங்கி, இடுப்பளவில் திரும்பி நின்று கையை விரிப்பான். அவன்தான் எல்லைக்கல். நீச்சல் தெரியாத பெண்களெல்லாம் அவனை நம்பி அலையில் உட்காருவார்கள். குழுத் தலைவிக்கு என் தங்கை வாழாமல் வந்திருப்பது தெரியும். புருஷன் முகம் தெரியாது. நான் மிஷினை ஓடவிட்டுக்கொண்டே, "எனக்கும் ஒரு சீட் போடுங்கக்கா" என்றேன்.

என் திட்டம் சின்னது. நாள் முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டு போவது. திரும்பும்போது பஸ் நிறையப் பெண்கள் இருக்கையில் அவன் மைக்கைப் பிடுங்கி, அவன் கதையை அவனே கேட்கும்படி சொல்லிவிடுவது. பெண்களை நம்பிப் பிழைக்கிறவன் பிழைப்பில் பெண்களை வைத்தே மண் போடுவது. தங்கையிடம் கல்யாண வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொன்னேன். ராத்திரியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்ததில் வாய் உலர்ந்துபோனது.

விடிகாலையில் கோச் பாகூர் வந்து நின்றது. அவன் படியில் நின்று "வாங்கக்கா, வாங்கம்மா" என்று ஒவ்வொருவரையும் கை கொடுத்து ஏற்றினான். என் முறை வந்தபோது நீட்டிய கை பாதியில் நின்றது. முகத்தில் தாடி. முன்பெல்லாம் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் முகம் அது.

"என்ன மாப்ள, சௌக்கியமா?" என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். தேள் கொட்டிய திருடன் மாதிரி விலகி வழி விட்டான்.

புறப்படும் முன் தலைவி தேங்காயும் சூடமும் எலுமிச்சம்பழமும் எடுத்தார். பொம்பளைகள் மொத்தமாக ஊர் தாண்டிப் போகிற வண்டி, சும்மா கிளப்பக் கூடாது என்பது குழுவின் வழக்கம். "தம்பி, நீங்கதான் இன்னிக்கு எங்களுக்குப் பொறுப்பு, நீங்களே ஒடைங்க" என்று தேங்காயை நீட்டினார். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "டிரைவர் அண்ணன் ஒடைக்கட்டும்க்கா. வண்டி அவரோடதுதானே" என்றான். டிரைவர் உடைத்தார். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியது. நான் அதை அப்போது கவனித்தேனே தவிர, யோசிக்கவில்லை. என் யோசனையெல்லாம் மைக்கின் மேல் இருந்தது.

ஏறியதும் என் முதல் வேலையைக் காட்டினேன். டிரைவருக்குப் பக்கத்தில் கைடுக்கென்று ஒரு மடக்கு சீட் உண்டு. "எனக்குப் பின்னாடி உக்காந்தா வாந்தி வரும்பா" என்று சொல்லி அதில் போய் உட்கார்ந்துவிட்டேன். வாந்தி என்றால் கோச்சில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். தலைவி வேறு, "பாவம், வுடுங்க தம்பி" என்றார். அவன் அன்று முழுவதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வளைவு வரும்போதெல்லாம் அவன் தள்ளாடுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கடலூர், பரங்கிப்பேட்டை என்று ஊர்கள் போயின. நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

அவன் வேலையை நன்றாகத்தான் செய்தான், அதையும் சொல்லவேண்டும். சிரிக்க வைத்தான், பாட்டுக்குப் பாட்டு வைத்தான். பிச்சாவரத்தில் படகு ஏறும் நேரம் ராகுகாலம் என்று இரண்டு பெண்கள் பின்வாங்கினார்கள். உடனே மைக்கில் ஆரம்பித்தான். "யக்கா, ராகு வேற ஊருக்கு டூர் போயிருக்காரு. இந்தக் காலத்துல போய் இதெல்லாம் பாத்துக்கினு! நான் எதையுமே பாக்கமாட்டேன். சகுனம், சாங்கியம், ஒண்ணும் கெடையாது" என்றான். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். கையில் சூடத்தை அணைத்துப் பொய் சத்தியம் செய்கிறவனுக்கு ராகுவா பெரிது என்று நான் பல்லைக் கடித்தேன்.

படகு விட்டு வந்து டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்தான்.

"அக்கா, எதுவா இருந்தாலும் ஞாயித்துக்கெழம பேசிக்கலாம். இது என் பொழப்புக்கா."

"என் தங்கச்சிக்குப் பொழப்பு இன்னா வச்சிருக்க நீ?"

"அவளுக்கும் நல்லதுதான்க்கா. அவளும் ஒரு வழி பாத்துக்கலாம்."

"தாடி எதுக்கு? அவளப் பிரிஞ்ச சோகமா?"

"வேண்டுதல்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான். டீ கிளாஸைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

தரங்கம்பாடிக் கோட்டையில் மதியச் சாப்பாடு. தலைவி ஒரு தூக்கு நிறையப் புளிச்சாதம் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் தங்கள் டப்பாவிலிருந்து அவனுக்கு ஒவ்வொரு கரண்டி வைத்தார்கள். உருளைக்கிழங்கு வறுவல், முட்டை, மாங்காய் ஊறுகாய். அவன் கோட்டைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் தம்பியாகவும் மகனாகவும் தின்றான். என் டப்பாவை நான் திறக்கவே இல்லை. என் தங்கை வடித்த சோறு அது. அவன் வாய்க்கு அது இனி கிடையாது என்று மூடியை அழுத்தி வைத்தேன்.

கடைசி நிறுத்தம் கடலூர் சில்வர் பீச். அங்கிருந்து பாகூருக்கு அரை மணிப் பாதைதான், ஈரப் புடவையோடு வீடு போய்விடலாம் என்றுதான் குளியலைக் கடைசியில் வைப்பான். வெயில் தாழ்ந்திருந்தது. பெண்களுக்குப் பொறுக்கவில்லை. கொண்டையை முடிந்துகொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

அவன் கரையில் நின்று விசிலை ஊதினான். "எல்லாரும் ஓரத்துலயே உக்காருங்க. யாரும் உள்ள போவாதீங்க."

"நீங்க எறங்குங்க தம்பி, நாங்க வர்றோம்" என்றார் தலைவி.

"இன்னிக்கு நான் எறங்கலக்கா. சளி."

"காலையிலேர்ந்து தொண்ட கிழியப் பாடினீங்களே, அப்ப இல்லாத சளியா? நோட்டீஸ்ல போட்டாவெல்லாம் போட்டுட்டு இப்ப இன்னா இது?"

"டிரைவர் அண்ணனை நிக்கச் சொல்றேன்க்கா."

"அவரை யாருக்குத் தெரியும்? ஒங்கள நம்பித்தானே வந்தோம்."

அப்போது ஒரு அலை கொஞ்சம் அதிகமாக ஏறி வந்தது. நுரைதான், கணுக்கால்கூட நனையாது. அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு துள்ளிப் பின்வாங்கினான். வருஷக்கணக்கில் கடலில் நின்று சம்பாதித்தவன், நண்டைக் கண்ட சின்னப் பிள்ளைபோல ஓடினான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தலைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏன் தம்பி, மாசிமகத்துல மணல்லயே நிக்கிற ஆம்பளைங்க கணக்கா நிக்கிறீங்களே! வூட்ல மாசமா இருக்காங்களா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் இதை விளக்கவேண்டியதில்லை. மாசிமகத்துக்குச் சாமிகள் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது ஊரே முழுகும். வெள்ளை வேட்டி நனையாமல் மணலில் நாலைந்து ஆண்கள் மட்டும் நிற்பார்கள். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் கடலில் இறங்கக் கூடாது. தாடியை எடுக்கக் கூடாது. தேங்காய் உடைக்கக் கூடாது. என் பெரியவன் வயிற்றில் இருந்த வருஷம் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் மணலில் நின்றார். போகிற வருகிற பெண்களெல்லாம் அவரைக் கேலி செய்தார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார்.

இவனும் சிரித்தான்.

மறைக்க நினைத்து முடியாமல் வந்துவிட்ட சிரிப்பு. உதடு ஒரு பக்கம் கோணி, கண் தாழ்ந்து, தாடியைக் கை தானாகத் தடவியது. அப்படி ஒரு சிரிப்பை என் வீட்டுக்காரர் முகத்தில் பார்த்திருக்கிறேன், இவன் முகத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதே நொடியில் அவன் கண் என் மேல் பட்டது. சிரிப்பு செத்துப்போனது.

தேங்காய், தாடி, கடல் மூன்றும் என் தலைக்குள் ஒன்றாக விழுந்தன.  மைக்கும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை என்னுடையது.

"அக்கா எல்லாரும் இங்க திரும்பிப் பாருங்க. என் தங்கச்சி வாழாம வந்து கெடக்கறாளே, அவ புருஷன் இவன்தான்" என்றேன். "புள்ள இல்லன்னு அவளத் தள்ளிவச்சவன். வேற பொம்பள கெடையாதுன்னு கையில சூடம் ஏத்தி அணைச்சவன்."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் ஓரத்தில் நின்றவர்கள்கூட நெருங்கி வந்தார்கள்.

"அக்கா, இங்க வேணாங்க்கா" என்றான்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். சத்தியமும் பண்ண வேணாம். இடுப்பளவுகூட வேணாம். முட்டி நனையற வரைக்கும் எறங்கிட்டு வா. ஞாயித்துக்கெழம என் தங்கச்சி கையெழுத்துப் போடுவா. பேனா நான் கொண்டாறேன். எறங்கு."

அவன் கடலைப் பார்த்தான். பத்தடி தூரம்கூட இல்லை. அவன் நினைத்ததெல்லாம் அந்தப் பத்தடியில் கிடைத்துவிடும். சளி என்று சொன்னவன் சளியோடு இறங்கியிருக்கலாம். ராகுவை டூர் அனுப்பியவன் இதையும் சிரித்துத் தள்ளியிருக்கலாம். ஓர் அடி எடுத்து வைத்தான். அலை வந்தது. இரண்டடி பின்னால் போனான்.

"எறங்குடா!" என்று கத்தினேன். மாப்பிள்ளை என்று வாழை இலை போட்டுப் பரிமாறியவனை அன்றைக்குத்தான் முதன்முதலாக 'டா' போட்டேன். பெரிய விருந்து சாப்பிட்டதுபோல இருந்தது.

அவன் இறங்கவில்லை. மணலில் அப்படியே குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். தலைவி கடலிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளிக்கொண்டு அவனிடம் போனார். மேலே தெளித்துவிடுவார் என்று நினைத்தேன், தெளிக்கவேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். அவர் பக்கத்தில் போய் நின்றார், பிறகு தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டார். "வயித்துல இருக்கறது இன்னா பாவம் பண்ணுச்சு" என்றார். அதற்குப் பிறகு "த்தூ" என்று துப்பினார்.

சூடத்துக்குப் பயப்படாதவன் கடலுக்கு ஏன் பயந்தான் என்று எனக்குப் புரியாமல் இல்லை. சூடம் சுட்டால் அவனைச் சுடும். கடல் கேட்டால் பிள்ளையைக் கேட்கும். தன் மேல் எந்தப் பொய்யையும் தாங்குவான், அதன் மேல் ஒரு சொட்டைத் தாங்கமாட்டான். அது அவன் நல்ல குணம் என்று சொல்கிறவர்கள் என் கண்ணில் படாமல் இருப்பது அவர்களுக்கு நல்லது.

திரும்பும் வழியில் மைக் ஆணியில் தொங்கியது. அவன் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தான், அவனுக்குப் பக்கத்து சீட்டுகள் காலியாகிவிட்டன. எல்லோரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு நாங்களும் வருகிறோம் என்றார்கள். இனிமேல் இவன் வண்டியில் எந்தக் குழுவும் ஏறாமல் பார்த்துக்கொள்வதாகத் தலைவி கையடித்துச் சொன்னார். நான் மடக்கு சீட்டில் ராணிபோல உட்கார்ந்திருந்தேன். சொல்லும்போதே தங்கையின் முகம் எப்படி மலரும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். காரணம் கையில் இருக்கிறது, இனி அவள் எதற்குக் கையெழுத்துப் போடவேண்டும்? நாம் கோர்ட்டுக்கு இழுக்கலாம். வருஷக்கணக்கில் அலைய விடலாம். பிள்ளை பிறந்து நடந்து பள்ளிக்கூடம் போனாலும் அவனால் அந்தப் பெண்ணுக்குத் தாலி கட்ட முடியாது.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காயைச் சொன்னேன். தாடியைச் சொன்னேன். அவன் துள்ளி ஓடியதை நடித்தே காட்டினேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"எறங்கவே இல்லியா?" என்றாள்.

"ஒரு சொட்டுப் படலடி. அவ்ளோ பயம் நாய்க்கு."

"முட்டி வரைக்கும்தானே சொன்ன?"

"ஆமாண்டி. அதுக்கே உக்காந்துட்டான்."

அவள் கையிலிருந்த பாவாடையை மடித்து, ஓரங்களைச் சரிபார்த்து, அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப கொற எங்கிட்டதானாக்கா?"

 மணலில் நின்று கத்தியபோதும், பஸ்ஸில் ராணியாக வந்தபோதும், இந்த ஒன்று என் புத்தியில் தட்டவே இல்லை. அவன் தகப்பனாகப் போகிறான் என்று ஊரறிய நிரூபித்துவிட்டு வந்திருக்கிறேன். அவனிடம்தான் குறை என்று காலையும் மாலையும் நான் ஊட்டிய மாத்திரையை நானே பிடுங்கிக் கடலில் போட்டிருக்கிறேன். "அப்டியெல்லாம் இல்லடி, டாக்டரே உனக்கு ஒண்ணும் இல்லன்னு..." என்று ஆரம்பித்தேன். அவள் துணி அடுக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, ஆனால் நான் சாப்பிடாதது அவன் மேல் இருந்த வெறியில்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஊர்க் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். பேச்சு அதற்குள் வில்லியனூர் வரைக்கும் போயிருந்தது. குழுப் பெண்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தாடியோடு தூணில் சாய்ந்து நின்றான். நான் சொல்லவேண்டியதையெல்லாம் வழி நெடுக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பெரியவர் தொண்டையைச் செருமியதும் நான் எழுந்தேன். தங்கை என் புடவையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் கையெழுத்துப் போடறேங்க" என்றாள்.

 குழுத் தலைவி "ஏய், இன்னாடி பேசற?" என்று எழுந்துவிட்டார்.

"ஆனா பொய்யில கையெழுத்துப் போடமாட்டேன். இதுல 'குழந்தை இல்லாத காரணத்தால்'னு போட்டிருக்குது. யாருக்கு இல்ல? அவருக்குத்தான் பொறக்கப் போவுதே. இந்த வரிய அடிச்சிட்டு உண்மைய எழுதச் சொல்லுங்க. அவரே தன் வாயால சொல்லட்டும், வக்கீல் எழுதட்டும். அப்புறம் நான் போடறேன்."

குரல் உயரவில்லை. கண்ணில் தண்ணீரும் இல்லை. பக்கத்து வீட்டில் மோர் கேட்பதுபோலக் கேட்டாள்.  பெரியவர் அவனைப் பார்த்தார். "சொல்லுப்பா" என்றார். அவனுடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சூடம் அணைத்த அதே இடத்தில் நின்று, மைக் இல்லாமல், அவன் சொன்னான். யார், எந்த ஊர், எப்போதிலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சொல்ல வைத்தார்கள். அதில் பாதி, என் தங்கை இன்னும் அந்த வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த காலத்துக் கதை. அவள் தலையைக் குனியாமல் முழுவதையும் கேட்டாள். ஒரு பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு கத்தியும் நான் செய்ய முடியாததை, அவள் மடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு செய்தாள். பிறகு வரியை அடித்து எழுதினார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஸ்கூட்டியில் திரும்பி வரும்போது நான்தான் பொருமிக்கொண்டு வந்தேன். "அலைய வுட்டிருக்கலாம்டி. கெஞ்ச வுட்டிருக்கலாம்."  அரியாங்குப்பம் வந்ததும் அவள் என் தோளைத் தட்டி, "கடலுக்கு வுடுக்கா" என்றாள்.

"இப்ப எதுக்குடி?"

"எறங்கணும்."

வீராம்பட்டினத்துக்குத் திருப்பினேன். கரையில் ஆள் அதிகம் இல்லை. அவள் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கல்யாணத்துக்கு அவன் வீட்டில் எடுத்த பட்டுப்புடவையைத்தான் அன்று கட்டியிருந்தாள். அதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"பட்டுடி, உப்புத் தண்ணி பட்டா பாழாயிடும். இன்னொரு நாளைக்கு வரலாம்" என்றேன்.

"எனக்கு இன்னாக்கா தடை இருக்குது? நான் தாராளமா எறங்கலாம்" என்றாள்.

சொல்லிவிட்டு நேராக நடந்தாள். முட்டி நனைந்தது, நிற்கவில்லை. இடுப்பளவு வந்ததும் திரும்பி, கரையைப் பார்த்து நின்றாள். ஒவ்வொரு அலையும் அவள் வயிற்றில் வந்து மோதியது. நான் அவள் செருப்பை மார்போடு பிடித்துக்கொண்டு மணலில் நின்று, அவனையும் அவன் பேச்சையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். காற்று அடித்ததில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது.